ஒரே டெப் கோப்பில் லைப்ரரியும் கருவிகளும்: எங்கே சிக்குகிறது?

கேள்வி: கோத்தகிரி பக்கம் நாலு தேயிலைத் தொழிற்சாலைகளில், இலை வாட்டும் தொட்டிகளில் பொருத்திய சென்சார்களின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் படிக்க சி மொழியில் 'வாடல்' என்றொரு லைப்ரரி எழுதியிருக்கிறேன். கூடவே 'வாடல்-படி', 'வாடல்-தொகு' என்று இரண்டு கமாண்ட் லைன் கருவிகள். எல்லாவற்றையும் ஒரே டெப் கோப்பாக (டெபியன், உபுண்டுவில் நிறுவும் பேக்கேஜ்) உபுண்டு 24.04-ல் கட்டினேன். 2.0 பதிப்பைப் போட்டதும், இதே லைப்ரரியை வைத்து நண்பர் எழுதிய வரைபட நிரல் 'லிப்வாடல்.எஸ்ஓ.1 கோப்பைத் திறக்க முடியவில்லை' என்று நின்றுவிட்டது. டெபியன் 12 உள்ள கணினியில் பேக்கேஜே ஏறவில்லை. எப்படிக் கட்டுவது? மழைக்காலத்தில் இங்கே நெட்டும் நிலையாக இருக்காது.

பதில்: நண்பரின் நிரல் நின்றது நல்லதுதான். 2.0-ல் லைப்ரரியின் சோனேமை (அது என்னவென்று கீழே) 1-லிருந்து 2-ஆக மாற்றியிருக்கிறீர்கள். அது சரியான வேலை. அடுத்து நடந்ததுதான் பிழை: எஸ்ஓ.2-ஐக் கொண்டுவந்த அதே பேக்கேஜ் எஸ்ஓ.1-ஐ அழித்துவிட்டது.

சோனேம் என்பது லிங்க் செய்யும்போது லைப்ரரிக் கோப்பின் உள்ளேயே பதிகிற பெயர். அந்த லைப்ரரியோடு எந்த நிரலைச் சேர்த்தாலும் பெயர் நிரலுக்குள்ளும் போய்விடும். நிரல் ஓடும்போது லைப்ரரியை ஏற்றும் லோடர் தேடுவது அந்தப் பெயரைத்தான், 1.2, 2.0 என்று நீங்கள் வைக்கும் பதிப்பு எண்ணை அது பார்ப்பதே இல்லை. 'ரீட்எல்ஃப்' கட்டளையை 'டி' விருப்பத்தோடு கொடுத்தால் லைப்ரரிக்குள் இருக்கும் பெயர் தெரியும்.

சோனேமை மாற்றாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? உங்கள் ஸ்ட்ரக்ட்டில் (மதிப்புகளை வரிசையாக அடுக்கும் சி அமைப்பு) முதல் 4 பைட் வெப்பம், அடுத்த 4 பைட் ஈரப்பதம், இரண்டும் ஃப்ளோட் (தசம எண்) என்று வைத்துக்கொள்வோம். 2.0-ல் அதன் தலையில் 4 பைட் தொட்டி எண்ணைச் செருகுகிறீர்கள். பழைய நிரல் எந்தப் பிழையும் காட்டாமல் ஓடும். 7-ம் தொட்டியின் எண்ணை வெப்பமாக எடுத்துக்கொண்டு 0.00 என்று அச்சிடும். 19 டிகிரி வெப்பத்தை 19 சதவீத ஈரப்பதம் என்று காட்டும். வெளியே மூடுபனி இறங்கியிருக்கும்போது 19 சதவீதம் என்றால் யாராவது சந்தேகப்படுவார்கள். எண் கொஞ்சம் நம்பும்படி இருந்துவிட்டால் அன்றைய இலையே போச்சு.

ஆகவே பழைய லைப்ரரியும் புதியதும் ஒரே கணினியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வழி வேண்டும். லைப்ரரிக் கோப்புகளுக்கு இது எளிது, பெயரிலேயே எண் இருக்கிறது. கருவிகளுக்கு முடியாது: யூஎஸ்ஆர்-பின் கோப்புறையில் 'வாடல்-படி' ஒன்றுதான் இருக்கலாம். டெபியன் கொள்கை லைப்ரரியைத் தனியாகப் பிரிக்கச் சொல்வது இதனால்தான்.

ஒரே சோர்ஸ் பேக்கேஜிலிருந்து மூன்று பேக்கேஜ் கட்டுங்கள். 'லிப்வாடல்2'-ல் எஸ்ஓ.2.0 கோப்பும் அதைச் சுட்டும் எஸ்ஓ.2 இணைப்பும் மட்டும். பெயரின் கடைசியில் வரும் 2 சோனேம் எண், நாளை 2.7 வந்தாலும் அது மாறாது. 'லிப்வாடல்-டெவ்'-ல், லைப்ரரியை வைத்து நிரல் கட்டுபவர்களுக்கான ஹெடர்கள், பிகேஜி-கான்ஃபிக் கோப்பு, எண் இல்லாத எஸ்ஓ இணைப்பு. 'வாடல்-டூல்ஸ்'-ல் இரண்டு கருவிகளும் அவற்றின் மேன் பக்கங்களும். சென்சாரின் யூஎஸ்பி அனுமதிக்காக யூடெவ் விதி எழுதியிருந்தால் அதுவும் டூல்ஸில்தான் போக வேண்டும். பலர் தடுக்கி விழுவது எண் இல்லாத அந்த எஸ்ஓ இணைப்பில். அதை லிப்வாடல்2-ல் வைத்தால் நாளை வரும் லிப்வாடல்3-உம் அதே கோப்புக்கு உரிமை கொண்டாடும். பேக்கேஜை நிறுவும் டிபிகேஜி இரண்டாவதை ஏற்றாது.

பேக்கேஜ்களை விவரிக்கும் கண்ட்ரோல் கோப்பில் மூன்றுக்கும் ஆர்க்கிடெக்சர் (பிராசசர் வகை) 'எனி' என்று கொடுங்கள். 'ஆல்' கொடுத்தால் மேசைக் கணினியில் கட்டிய பைனரி ராஸ்பெர்ரி பையிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும், ஓடாது. லைப்ரரிக்கும் டெவ்வுக்கும் மல்டி-ஆர்ச் 'சேம்', அதாவது வெவ்வேறு பிராசசர் வகைக்கான பிரதிகள் ஒரே கணினியில் சேர்ந்து இருக்கலாம். டெவ் பேக்கேஜ் லிப்வாடல்2-இன் அதே பதிப்பையே சமக்குறியோடு கேட்க வேண்டும். டூல்ஸின் சார்புகளை (அது ஓடத் தேவையான மற்ற பேக்கேஜ்களை) கையால் எழுதாதீர்கள்; ஷ்லிப்ஸ் மாறியைப் போட்டால் பைனரியைப் பார்த்து அதுவே நிரப்பும். டெப் கட்ட உதவும் டெப்ஹெல்பரில் காம்பாட் நிலை 13 வைத்தால், எந்தப் பேக்கேஜிலும் சேராமல் விட்டுப்போன கோப்பு இருந்தால் பில்ட் நின்றுவிடும். எரிச்சலாக இருந்தாலும் அதை அணைக்க வேண்டாம்.

லைப்ரரி வெளியே தரும் ஃபங்ஷன்களின் பட்டியலான சிம்பல்ஸ் கோப்பும் வையுங்கள். ஒரு ஃபங்ஷன் காணாமல் போனால் பில்ட்டிலேயே பிடித்துவிடும். ஆனால் அது பெயர்களைத்தான் பார்க்கும்; மேலே சொன்ன ஸ்ட்ரக்ட் மாற்றம் அதன் கண்ணில் படாது. அதற்கு டீபக் தகவலோடு கட்டிய பழைய, புதிய லைப்ரரிகளை 'அபிடிஃப்' (abidiff) கருவியில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது கணினிகளில் இருக்கும் பழைய 'வாடல்' பேக்கேஜ். அது 2.0-1 என்றால், புதியதை 2.0-2 என்று கட்டுங்கள். அதிலிருந்து கோப்பை எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு பேக்கேஜிலும் 'பிரேக்ஸ்' (பழையதோடு சேர்ந்து இருக்க முடியாது), 'ரீப்ளேசஸ்' (அதன் கோப்பை எடுத்துக்கொள்ளலாம்) இரண்டையும், 2.0-2-க்கு முந்தைய வாடல் என்று குறிப்பிட்டுச் சேர்க்க வேண்டும். விட்டால், 'இந்தக் கோப்பு ஏற்கெனவே வாடல் பேக்கேஜில் இருக்கிறது' என்று டிபிகேஜி பாதியில் நிற்கும். 'வாடல்' என்ற பெயரில், வாடல்-டூல்ஸைச் சார்ந்த வெற்றுப் பேக்கேஜ் ஒன்றும் இருக்கட்டும்; அப்போதுதான் அப்கிரேட் தானாகப் புதிய அமைப்புக்கு வரும்.

நண்பருக்காக 1.x சோர்ஸை எடுத்து, சோர்ஸ் பெயரை 'வாடல்1' என்று மாற்றி, லிப்வாடல்1-ஐ மட்டும் கட்டிக் கொடுங்கள். டெவ்வும் கருவியும் அதில் வேண்டாம். பிரேக்ஸ், ரீப்ளேசஸ் வேண்டும். அவர் நிரலும் டெப்பாக இருப்பது நல்லது. சும்மா நகலெடுத்து வைத்த பைனரி என்றால், பேக்கேஜ்களை நிர்வகிக்கும் ஆப்டுக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. சார்பாக வந்த லைப்ரரியை, தேவையற்றதை நீக்கும் ஆட்டோரிமூவ் ஒருநாள் துடைத்துவிடும். அதுவரை 'ஆப்ட்-மார்க்' கட்டளையால் லிப்வாடல்1-ஐ மேனுவல் (நாமே கேட்டு நிறுவியது) என்று குறித்துவையுங்கள்.

டெபியன் 12-ல் ஏறாததற்குப் பெரும்பாலும் காரணம் வேறு. உபுண்டு 24.04-ல் ஜிலிப்சி (எல்லா நிரலும் நம்பியிருக்கும் அடிப்படை சி லைப்ரரி) 2.39; டெபியன் 12-ல் 2.36. புதியதில் கட்டிய பைனரி, பழையதில் இல்லாத ஜிலிப்சியைக் கேட்கும். உங்களிடம் இருப்பவற்றுள் பழைய ஜிலிப்சி உள்ளதில், அதாவது டெபியன் 12-ல், எஸ்பில்ட் மூலம் சுத்தமான சூழலில் கட்டுங்கள். அது உபுண்டு 24.04-லும் ஏறும். ராஸ்பெர்ரி பை இருந்தால் அதற்குத் தனியாகக் கட்ட வேண்டும். அங்கே ஓஎஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று முதலில் பாருங்கள்.

கட்டியதும், பேக்கேஜில் பிழை தேடும் லிண்டியனை ஓட்டுங்கள். பிறகு பியுபார்ட்ஸ்: 2.0-1-லிருந்து அப்கிரேட் ஆகிறதா, நீக்கினால் குப்பை மிஞ்சுகிறதா என்று அது சொல்லும்.

நெட் இல்லாத தொழிற்சாலைக்கு டெப் கோப்புகளைப் பென் டிரைவில் ஒரே கோப்புறையில் கொண்டுபோங்கள். ஆப்ட் இன்ஸ்டாலில் கோப்புப் பெயருக்கு முன்னால் புள்ளியும் சாய்கோடும் சேர்த்துக் கொடுத்தால், எதை முதலில் ஏற்றுவது என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். புள்ளி, சாய்கோடு இல்லாவிட்டால் அந்தப் பெயரில் பேக்கேஜ் இருக்கிறதா என்று பட்டியலில் தேடி, இல்லை என்று சொல்லிவிடும். வெளியிலிருந்து வரும் சார்புகள் ஏதும் இருந்தால் அவற்றின் டெப் கோப்புகளையும் குன்னூரிலோ ஊட்டியிலோ நெட் இருக்கும்போதே இறக்கிக்கொண்டு புறப்படுங்கள்.