அம்மா பிலிப்பைன்ஸ் வம்சம், மகன் வெளிநாட்டவரா?

கேள்வி: அமெரிக்காவில் பிறந்து பிலிப்பைன்ஸ் அணிக்கு ஆடிய ஜோர்டன் கிளார்க்சனின் அம்மா பிலிப்பைன்ஸ் வம்சாவளி. அப்புறம் ஏன் கூடைப்பந்தில் அவரைக் குடியுரிமை வாங்கி வந்த ஆட்டக்காரர் என்று கணக்கில் வைக்கிறார்கள்?

பதில்: ரத்தம் யாருடையது என்று ஃபிபா (FIBA, உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) பார்ப்பதில்லை, 16 வயதுக்குள் பாஸ்போர்ட் கையில் இருந்ததா என்றுதான் பார்க்கிறது. பிறப்பாலேயே உரிமை இருந்தாலும் அதை 16 தாண்டிக் கோரினால், நேற்று குடியுரிமை வாங்கியவரும் நீங்களும் ஒரே வரிசைதான். அந்த வரிசையிலிருந்து 12 பேர் அணிக்கு ஒருவருக்கு மட்டுமே இடம். 2023 உலகக் கோப்பையில் பிலிப்பைன்ஸ் அணியின் அந்த இடம் கிளார்க்சனுக்குப் போனது. அதே வருடம் ஜனவரியில் தனிச் சட்டம் போட்டுக் குடியுரிமை கொடுக்கப்பட்ட அமெரிக்கர் ஜஸ்டின் பிரவுன்லீ வெளியே இருந்தார். (பிறகு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அவர் ஆட, பிலிப்பைன்ஸ் தங்கமும் வாங்கியது, கூடைப்பந்தில் அவர்களுக்கு 1962-க்குப் பிறகு முதல் தங்கம்.)

விதி எதற்கென்றால், பணமுள்ள நாடு ஐந்து அமெரிக்கர்களை வாங்கி இறக்கிவிடக் கூடாது. சரி, நியாயம். ஆனால் ஸ்பெயினோடு எந்தத் தொடர்பும் இல்லாத அமெரிக்கர் லோரென்சோ பிரவுன் 2022-இல் அரசாணை வழியாகக் குடியுரிமை பெற்று, சில வாரங்களில் ஸ்பெயினுக்கு ஆடி யூரோபாஸ்கெட் (ஐரோப்பிய நாடுகளின் போட்டி) கோப்பையைத் தூக்கினார். அவருக்கும் தாய்வழி உறவுள்ளவருக்கும் ஒரே அளவுகோல் என்பது எனக்கு ஒப்பவில்லை.

கேள்வி: இரண்டு நாட்டுக்கும் ஆடலாமா?

பதில்: பொதுவாக முடியாது. 17 வயதான பின் ஒரு நாட்டுக்கு அதிகாரபூர்வப் போட்டியில் ஆடிவிட்டால் கதவு மூடியது மாதிரிதான், பூர்விக நாட்டுக்கு மாற மட்டும் ஃபிபா சிறப்பு அனுமதி தரலாம். கேமரூனில் பிறந்த என்பிஏ ஆட்டக்காரர் ஜோயல் எம்பீட் பிரெஞ்சு, அமெரிக்கக் குடியுரிமை இரண்டும் வைத்துக்கொண்டு, பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்கே ஆடினார். பிரெஞ்சு ரசிகர்கள் அவரைக் கேலிக்கூச்சலோடுதான் வரவேற்றார்கள்.