இந்தியானா ஜோன்ஸின் முதுகு

அன்புள்ள ஐயா,

ஜூன் 30இல் ஐந்தாவது இந்தியானா ஜோன்ஸ் படம் வரப்போகிறது. வீடியோ கசற் காலத்திலிருந்தே நான் இந்தத் தொடரின் ரசிகன். 2008இல் வந்த நாலாவது படம் ஏமாற்றிவிட்டது. கதாநாயகனாக நடிக்கும் ஹரிசன் ஃபோர்டுக்கு இப்போது எண்பது வயது. முதல் நாலையும் இயக்கிய ஸ்பீல்பேர்க் இதை இயக்கவில்லை. திகதியையும் எத்தனையோ தடவை தள்ளிப்போட்டார்கள். இதற்குப் பிறகும் எதிர்பார்க்கலாமா? அதற்குள் பழைய படங்களைத் திரும்பப் பார்ப்பதென்றால் எந்த ஒழுங்கில் பார்ப்பது?

ம., வெள்ளவத்தை
மார்ச் 2023

அன்புள்ள ம.,

திகதி தள்ளிப்போனதை வைத்துப் படத்தை எடைபோட வேண்டாம். 2016 மார்ச்சில் அறிவித்தபோது 2019 ஜூலை என்றார்கள். பிறகு 2020, 2021, 2022 என்று நகர்ந்து இப்போது 2023 ஜூன். கமெரா ஓடத் தொடங்கும்வரை ஹொலிவூட்டில் வெளியீட்டுத் திகதி என்பது பஸ்ஸில் கைக்குட்டை போட்டு இடம் பிடிப்பது போலத்தான். இந்தப் படத்துக்குக் கமெரா ஓடியது 2021 ஜூனில். ஒத்திகையில் ஃபோர்டின் தோளில் அடிபட்டும் 2022 பெப்ரவரியில் முடித்துவிட்டார்கள். ஆகவே இந்தத் தடவை வரும்.

எதை எதிர்பார்ப்பது என்பதுதான் கேள்வி. தொப்பி, சவுக்கு, ஜோன் வில்லியம்ஸின் இசை மூன்றும் எப்படியும் இருக்கும். அவற்றுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. இந்தத் தொடரின் உயிர் வலியில் இருக்கிறது. 1981இல் வந்த முதல் படத்தில், கப்பலில் கதாநாயகி மரியன் மருந்து போட வரும்போது இந்தியானா ஜோன்ஸுக்கு உடம்பில் வலிக்காத இடத்தைத் தேட வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் அவன் லொறிக்கு அடியில் இழுபட்டதை நாம் நம்பியதற்கு அந்தக் காட்சியும் ஒரு காரணம். லொறிக் காட்சியை எடுத்த விதம் இன்னொரு காரணம். டெரி லெனார்ட் என்ற சண்டைக் கலைஞர் உண்மையாகவே லொறிக்கு அடியால் போனார். ஆள் நசுங்காமலிருக்க லொறியை உயர்த்தினார்கள், வீதியின் நடுவே பள்ளம் வெட்டினார்கள். கமெராவை மெதுவாக ஓட்டிப் படம் பிடித்ததால் திரையில் லொறி வேகமாகத் தெரிகிறது. அதே படத்தில் அவனைத் துரத்தி உருண்டு வரும் பாறை ஃபைபர் கிளாஸ்தான், ஆனால் ஃபோர்ட் அதன் முன்னால் பத்துத் தடவை ஓடினார். பாறையின் உறுமல், சரளைக் கற்கள் மேல் உருண்டுபோன ஒரு ஹொண்டா சிவிக் காரின் சத்தம்.

நாலாவது படத்தில் எல்லோரும் திட்டுவது அந்தக் குளிர்சாதனப்பெட்டிக் காட்சியை. அணுகுண்டு வெடிப்பில் பெட்டிக்குள் இருந்து தப்புவது நடக்காத காரியம் என்கிறார்கள். முதல் படத்தில் ஒரு பேழையைத் திறந்ததும் ஹிட்லரின் நாசிப் படையினர் மெழுகாய் உருகியது மட்டும் நடக்கிற காரியமா? எனக்கு உறுத்துவது வேறு. பெட்டி அவ்வளவு தூரம் பறந்து விழுகிறது. கதவைத் திறந்து அவன் எழும்பி நிற்கிறான். அடுத்த காட்சிகளில் அவன் இடுப்பைப் பிடிப்பதுகூட இல்லை.

நம்மவர்கள் இரண்டாவது படத்தைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். இந்திய அரசு திரைக்கதையில் மாற்றங்கள் கேட்டதால் படக்குழு இலங்கைக்கு வந்தது. 1983 ஏப்ரலில் கண்டியில் படப்பிடிப்புத் தொடங்கியது. மூன்று மாதம் கழிந்திருந்தால் இந்த நாட்டில் என்ன நிலைமை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இமயமலைப் பக்கத்து இந்தியக் கிராமம் என்று காட்டுகிறார்கள். ஊர்ச்சனம் பேசுவது சிங்களம். அமெரிக்கர்கள் பயத்தோடு பார்த்த இடத்தில் கொழும்புக்காரர்கள் சிரித்துவிடுவார்கள். ஊர்ப் பெரியவராக வரும் டி. ஆர். நாணயக்காரவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஸ்பீல்பேர்க் கமெராவுக்குப் பின்னால் நின்று சொல்லிக்கொடுக்க, அவர் அப்படியே திருப்பிச் சொன்னார். அந்த இடைவெளிகள்தான் அவருடைய பேச்சுக்கு ஒரு கனத்தைக் கொடுத்தன.

அந்தப் படத்தின் கடைசியில் அறுந்து விழும் தொங்குபாலம் கண்டிக்கு அப்பால் ஒரு பள்ளத்தாக்கின் மேல் நின்றது. அப்போது விக்டோரியா அணைக்கட்டு வேலை நடந்துகொண்டிருந்ததால் அங்கிருந்த பொறியியலாளர்களின் உதவி கிடைத்தது. பார்வைக்குக் கயிறு, உள்ளே உருக்கு வடம். வெடிவைத்து வடங்களை அறுத்தார்கள். எல்லா வடமும் ஒரே கணத்தில் அறவேண்டும். ஒன்று பிந்தினால் பாலம் முறுக்கிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாயும். பாலம் ஒன்றுதான் என்பதால் மறுபடி எடுக்கவும் வழியில்லை. அதனால் பல கமெராக்களைச் சுற்றிவர வைத்தார்கள். விழுபவர்கள் பொம்மைகள், கைகால் உதறுவதற்காக உள்ளே மோட்டார். அறுந்த பாலத்தில் தொங்கிக்கொண்டு சண்டைபிடிப்பது லண்டனுக்கு வெளியே உள்ள எல்ஸ்ட்ரீ ஸ்ரூடியோவில், முதலைகள் புளோரிடாவில். மூன்று நாட்டுத் துண்டுகளை ஒட்டியும் தையல் தெரியவில்லை, ஏனென்றால் நடுவில் ஒரு பாலம் நிசமாகவே விழுந்திருக்கிறது.

அந்தப் படத்தில் யானைச் சவாரியால் ஃபோர்டின் முதுகுத்தண்டு வட்டு பிதுங்கி, லொஸ் ஏஞ்சலிஸில் சிகிச்சைக்குப் போக வேண்டியதாயிற்று. ஏற்றிய மருந்து பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் நொதியம். அந்த வாரங்களில் சண்டைக் கலைஞர் விக் ஆம்ஸ்ட்ரோங் அவருக்குப் பதிலாக நின்றார். கல்லுடைக்கும் இயந்திரத்தின் பட்டியில் நடக்கும் சண்டையைத் திரும்பப் பாருங்கள்: முகத்தைவிட முதுகுதான் அதிகம் தெரியும்.

பார்க்கும் ஒழுங்கு, வெளிவந்த ஒழுங்குதான். கதைக்காலப்படி இரண்டாவது படம் 1935, முதலாவது 1936. அதற்காக இரண்டாவதிலிருந்து தொடங்கினால் அந்தப் படத்தின் இருண்ட போக்கு அதிர்ச்சியாக இருக்காது. நேரம் குறைவென்றால் நாலாவதை விட்டுவிடாதீர்கள், மூன்றாவதை விடலாம். அருமையான படம், ஆனால் உங்களுக்குத்தான் மனப்பாடமாக இருக்குமே.

புதிய படத்தில் எனக்குப் பயம் ஆரம்பப் பகுதி. 1944இல் நடக்கிறது, கணினியால் ஃபோர்டை இளமையாக்கியிருக்கிறார்கள். பழைய படங்களின் காட்சிகள் கையில் இருப்பதால் முகம் சரியாக வரும். முகத்தைப் பார்க்காதீர்கள். ஓடும்போது தோளையும் முழங்காலையும் பாருங்கள், கண்ணை மூடிக் குரலைக் கேளுங்கள். நாற்பத்தைந்து வயது முகத்துக்குள்ளிருந்து எண்பது வயதுக் குரல் வந்தால் மனம் உடனே விலகிவிடும். அந்தப் பகுதி நீண்டால் ஆபத்து.

நம்பிக்கை, மீதிக் கதை நடக்கும் 1969இல். இயக்குநர் ஜேம்ஸ் மான்கோல்ட் 2017இல் 'லோகன்' எடுத்தவர். கிழட்டு வீரனுக்கு எங்கே நோகும் என்று தெரிந்தவர். 2019இல் கார்ப் பந்தயப் படம் ஒன்றை எடுத்தபோது கூடவிருந்த ஒளிப்பதிவாளர் ஃபீடன் பாபாமைக்கல்தான் இதற்கும். எண்பது வயது உடம்பில் வலியை நடித்துக் காட்டத் தேவையில்லை. அதை மறைக்காமல் விட்டாலே போதும்.

படமாளிகை எது என்பது உங்கள் வசதி. ஆனால் இந்தத் தொடர் அகலச் சட்டத்தில், 2.39:1 அளவில் வருவது. திரை உயரமாக இருந்தால் மேலும் கீழும் கறுப்புப் பட்டைதான் கிடைக்கும். உயரத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். மண்டபத்தின் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நடுவில் இருங்கள்.

ட்ரெய்லரில் ஒரு ஓட்டோத் துரத்தல் வருகிறதல்லவா? கதைப்படி தஞ்சியர் நகரம், எடுத்தது மொரோக்கோவின் ஃபெஸ் நகரத்தில். இதில் நம்மை ஏமாற்ற முடியாது. முன்னால் ஒற்றைச் சில்லு என்பதால் வேகமாக வெட்டித் திருப்பினால் உள்பக்கத்துப் பின்சில்லு நிலத்தை விட்டு எழும்பும். உள்ளே இருப்பவர்கள் வெளிப்பக்கத்துக் கம்பியில் போய் மோதுவார்கள். கொழும்பு-காலி வீதியில் தினமும் பார்க்கிறோம். அந்தச் சில்லு எழும்புகிறதா என்று பாருங்கள்.