ஆட்சி மாறினால் இணையக் கம்பியும் மாறுமா?

கேள்வி: மெல்பேர்ணில் இருக்கும் அண்ணா வீடியோ அழைப்பில் பேசும்போது, அவரது முகம் பாதி வார்த்தையில் உறைந்துவிடுகிறது. வளர்ந்த நாட்டில் ஏன் இந்த நிலை?
– வாசகி, கொக்குவில்

பதில்: 2009இல் அவுஸ்திரேலியத் தொழிற்கட்சி அரசு, நூற்றுக்குத் தொண்ணூறு வீடுகளுக்கும் வேலைத்தலங்களுக்கும் நேரடியாக ஒளியிழை (ஒளியால் தரவைக் கடத்தும் மெல்லிய கண்ணாடி இழை) இணைப்பு வழங்கப்படும் என அறிவித்தது, ஆனால் 2013இல் ஆட்சிக்கு வந்த லிபரல், தேசியக் கட்சிகளின் கூட்டணி அரசு, செலவையும் காலத்தையும் குறைப்பதாகக் கூறி, பல பகுதிகளில் தெருவோர இணைப்புப் பெட்டி வரை மட்டும் ஒளியிழையை இழுத்து, மீதித் தூரத்தைப் பழைய செப்புத் தொலைபேசிக் கம்பியிடமே விட்டது. அக்கம்பி நீளநீள வேகம் குறையும். இத்தவறான சிக்கனத்தின் சுமையை வீட்டுக்காரரே சுமந்தனர் என்பது என் உறுதியான கருத்து. 2020இல் அதே கூட்டணி அரசே ஒளியிழைக்குத் திரும்புவதாக அறிவித்ததால், தம் வீட்டுக்கு இப்போது அந்த இணைப்புக் கிடைக்குமா என்று அண்ணாவை விசாரிக்கச் சொல்லுங்கள்.