மகளின் பத்தாவது பிறந்தநாளுக்கு ஸ்பா பார்ட்டி: மூணு வட்டிக்குப் பணம் வாங்கலாமா?

கேள்வி: சார், நாங்கள் ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடம். வீட்டுக்காரர் விசைப்படகில் பங்குக்குக் கடலுக்குப் போகிறார், நான் கருவாடு வாங்கி விற்கிறேன். மகளுக்கு மே 24ஆம் தேதி பத்து வயது முடிகிறது. யூடியூபில் பார்த்துவிட்டு, வீட்டிலேயே ஸ்பா பார்ட்டி வேண்டும், கூடப் படிக்கிற பிள்ளைகளையெல்லாம் கூப்பிட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அவளோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். மதுரையிலிருந்து வந்து செய்து தருபவர்கள் 18,500 ரூபாய் கேட்கிறார்கள். பாத்ரோப், கடல்பாசி முகப்பூச்சு, பலூன் அலங்காரம், கேக் எல்லாம் அதில் அடக்கம். என் கணக்கில் 14,000 இருக்கிறது. பக்கத்துத் தெருவில் ஒருவர் பத்தாயிரம் ரூபாய் மூணு வட்டிக்குத் தருகிறேன் என்கிறார். வீட்டுக்காரரோ படகு முதலாளியிடமே முன்பணம் கேட்கலாம் என்கிறார். ஏற்கெனவே வங்கியில் 40,000 ரூபாய்க்கு நகைக்கடன் இருக்கிறது, ஒன்பது சதவீத வட்டி. என்ன செய்யலாம்?

பதில்: பார்ட்டியை நிறுத்தச் சொல்லி நான் எழுதப் போவதில்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பத்து வயதுப் பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்கிறது, நடத்துங்கள். ஆனால் மூணு வட்டிக்காரரிடமும் போக வேண்டாம், முதலாளியிடமும் போக வேண்டாம், மதுரைக்காரர்களும் வேண்டாம். இந்த மூன்றும் இல்லாமலே பார்ட்டி நடக்கும்.

தேதியை ஒரு தடவை நன்றாகப் பாருங்கள், மே 24. விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாத மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள். உங்கள் மகள் பிறந்தநாள் அதன் நட்டநடுவில் விழுகிறது. படகு கரையில் கிடக்கும், வீட்டுக்காரர் வலை பின்னிக்கொண்டோ படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டோ இருப்பார், பங்குப் பணம் வராது. அது போதாதென்று அடுத்த பத்துப் பதினைந்து நாளில் பள்ளிக்கூடம் திறந்துவிடும். வருடத்திலேயே கையில் காசு குறைவாக இருக்கிற மாதத்தில், வருடத்திலேயே பெரிய விருந்தை வைக்கப் பார்க்கிறீர்கள். இந்தத் தேதிதான் சிக்கல், பார்ட்டி இல்லை.

நீங்கள் விவரமாக எழுதியிருந்ததை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். வீட்டுச் செலவு மாதம் 9,000 என்றால் இரண்டு மாதத்துக்கு 18,000. ஜூனில் நோட்டு, சீருடை, வேன் எல்லாம் சேர்த்து 7,000. நகைக்கடன் வட்டிக்கு மாதம் 300 ஒதுக்கினால் 600. ஆக 25,600. வரவில், உங்கள் சேமிப்பு 14,000, அரசு தருகிற தடைக்கால நிவாரணம் 8,000, தடை இல்லாத நாட்டுப்படகு மீனை வைத்து நீங்கள் ஓட்டுகிற கருவாட்டில் இரண்டு மாதத்துக்கு 4,000 என்று எடுத்துக்கொண்டால் 26,000. மிச்சம் நானூறு ரூபாய். அந்த நிவாரணமும் என்றைக்குக் கணக்கில் ஏறும் என்று நீங்கள் முடிவு செய்ய முடியாது. இதில் 18,500ஐ எங்கே கொண்டுபோய்ச் செருகுவது? சேமிப்பைத் தொட்டால் ஜூன் மாதம் நோட்டு வாங்கவே கடன் வாங்க வேண்டி வரும்.

மூணு வட்டிக்கு வருகிறேன். பத்தாயிரத்துக்கு மாதம் முந்நூறு ரூபாய், கேட்பதற்குப் பெரிதாகத் தெரியாது, அதனால்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். வருடத்துக்கு 36 சதவீதம் என்று சொன்னால்தான் தூக்கிவாரிப் போடும். உங்கள் நகைக்கடன் வட்டியைப் போல நான்கு மடங்கு அது. முந்நூறைக்கூடக் கட்டிவிடுவீர்கள், அசல் பத்தாயிரத்தை எந்த மாதம் மொத்தமாகத் திருப்புவீர்கள் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள், பதில் வராது. முதலாளி முன்பணத்துக்கு வட்டி இல்லைதான், ஆனால் அதை வாங்கிவிட்டால் கடன் தீரும் வரை அந்தப் படகுதான், வேறு படகில் நல்ல பங்கு கிடைத்தாலும் போக முடியாது. பிள்ளையின் பிறந்தநாள் கேக்குக்காக உங்கள் வீட்டுக்காரர் தன் கையைக் கட்டிக்கொள்ள வேண்டாம்.

பெரிய யோக்கியன் மாதிரி பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். என் பையனுடைய முதல் பிறந்தநாளை மண்டபம் பிடித்து நடத்தினேன், தனிநபர் கடன், 24 தவணை. இரண்டாவது பிறந்தநாளுக்கு வீட்டில் அரைக் கிலோ கேக் வெட்டியபோது முதல் பிறந்தநாளின் தவணை பாதி பாக்கி இருந்தது. அடுத்தவர்களுக்குக் கணக்குச் சொல்கிற வேலையில் இருந்துகொண்டே செய்த வேலை அது.

இனி அந்த 18,500ஐப் பிரித்துப் பார்ப்போம். நீங்கள் அனுப்பிய சீட்டில் பாத்ரோப் வாடகை 4,200, பலூன் வளைவும் அலங்காரமும் 4,000, முகப்பூச்சுப் பெட்டி ஆளுக்கு 250 வீதம் 3,000, இரண்டு உதவியாளர் சம்பளம் 3,000, மதுரையிலிருந்து வண்டி 2,500, கேக் 1,800. இதில் பிள்ளைகள் மேலே படுவது மூவாயிரம் ரூபாய்க்கான பெட்டி மட்டும்தான், மற்றதெல்லாம் துணி, பலூன், பெட்ரோல், ஆள் கூலி. அந்தப் பெட்டியையும் திறந்து பார்த்தால் கடல்பாசி முகப்பூச்சும், கால் ஊறவைக்க ஒரு பொட்டலம் கடல் உப்பும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்கள் அம்மா விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு தீவுப் பக்கம் மூழ்கி மரிக்கொழுந்து என்கிற கடல்பாசியை எடுத்தவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாசி மதுரைக்குப் போய், பெட்டிக்குள் ஏறி, திரும்பத் தங்கச்சிமடத்துக்கு வந்து, அவர் பேத்தியின் கன்னத்தில் ஏற 250 ரூபாய். உப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், வாலிநோக்கத்தில் அரசு உப்பு நிறுவனமே வைத்திருக்கிற மாவட்டம் நம்முடையது.

ஸ்பா என்றால் என்ன, பிள்ளைகள் அதில் எதை விரும்புகிறார்கள் என்று யோசியுங்கள். தண்ணீரில் கால் வைத்து உட்கார வேண்டும், முகத்தில் எதையாவது பூச வேண்டும், கண்ணில் வெள்ளரித் துண்டு வைத்துக்கொண்டு படுத்தபடி சிரிக்க வேண்டும், நகத்தில் சாயம் வேண்டும், யாராவது தலையைப் பிடித்துவிட வேண்டும். இதில் எது நம் வீட்டில் இல்லை? கடலை மாவும் தயிரும் போதும். முதல் நாளே ஒவ்வொரு பிள்ளையின் அம்மாவிடமும் சொல்லி, முழங்கைக்கு உள்பக்கம் துளி தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், தடிப்போ அரிப்போ வந்தால் அந்தப் பிள்ளைக்கு வெள்ளரி மட்டும். எலுமிச்சை வேண்டாம், கண்ணில் பட்டால் எரியும், அப்புறம் பார்ட்டி அழுகையில் முடியும். மே மாதம் நுங்குக் காலம் வேறு. நுங்குத் தண்ணீரை வேர்க்குருவுக்குத் தடவுவது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பன்னிரண்டு பிள்ளைகள் நுங்கை விரலால் நோண்டி உறிஞ்சிவிட்டு, மிச்சத் தண்ணீரை ஒருத்தி கழுத்தில் ஒருத்தி தடவிக்கொண்டு உட்கார்ந்தால், எந்த ஊர் ஸ்பாவிலும் அது கிடைக்காது. பூவுக்கு நீங்கள் எங்கும் போக வேண்டாம், மல்லிகை நாற்றை ஊர் ஊராக அனுப்புகிற ஊர் உங்கள் ஊர். மருதாணியைப் பக்கத்து வீட்டு மரத்தில் பறித்து முதல் நாள் அரைத்து வையுங்கள்.

செலவு இப்படி வரும்: சின்னத் துவாலை பன்னிரண்டு, அறுபது ரூபாய் வீதம் 720. இதுவே தலையில் கட்டிக்கொள்ள, கால் துடைக்க, போகும்போது கையில் கொடுத்தனுப்ப, தனியாக ரிட்டர்ன் கிஃப்ட் எதுவும் வாங்காதீர்கள். நெயில் பாலிஷ் 200, வெள்ளரி, தயிர், கடலை மாவு 250, நுங்கு 300, பூ 300, ஒரு கிலோ கேக் 700, சமோசாவும் சுண்டலும் 600, பலூன் 200. அப்புறம் தண்ணீர். இதை மதுரைக்காரர்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை, ஏனென்றால் அது உங்கள் தலையில் விழும் செலவு. கால் ஊறவைக்க நல்ல தண்ணீர் வேண்டாம், கிணற்று உப்புத் தண்ணீரே போதும், உப்புப் போடுகிற வேலையும் மிச்சம். முகம் கழுவவும் குடிக்கவும் மட்டும் பத்துக் குடம் வாங்குங்கள், 150 வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 3,420. பேசின் ஆறு போதும், தெருவில் இரவல் வாங்கலாம், இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே உட்காரட்டும், சண்டை வரும், பரவாயில்லை.

மிச்சமே நானூறுதானே, 3,420க்கு எங்கே போவேன் என்று கேட்பீர்கள். தடைக்காலத்துக்கு இன்னும் பத்து வாரம் இருக்கிறது. மீன்வளத் துறையின் அனுமதி டோக்கன் வாங்கி வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகிறார்கள், திங்கள், புதன், சனி. ஒவ்வொரு முறை பங்குப் பணம் கைக்கு வந்ததும் 120 ரூபாயை ஒரு டப்பாவில் போடுங்கள், வேறு எதுவும் செய்வதற்கு முன்னால். பத்து வாரத்தில் 3,600. நடுவில் வேலைநிறுத்தம் வரலாம், காற்று அடிக்கலாம், நான்கைந்து நடை தவறிப்போகலாம். தவறினால் கேக் அரைக் கிலோவாகட்டும், சமோசாவைக் குறையுங்கள், நுங்கைக் குறைக்காதீர்கள். டப்பாவில் எவ்வளவு சேருகிறதோ அதற்குத்தான் பார்ட்டி. மகளிடமே டப்பாவைக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள், ரொம்பக் கறாராக இருப்பாள் பாருங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் கேட்கவே இல்லை. அவள் பெயரில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு இருக்கிறதா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை, அதனால் இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். பத்து வயது ஆகாத பெண் பிள்ளைக்குத்தான் அந்தக் கணக்கைத் தொடங்க முடியும். மே 24 வந்துவிட்டால் அந்தக் கதவு சாத்திவிடும், அப்புறம் யார் சிபாரிசு செய்தாலும் திறக்காது. தொடங்க 250 ரூபாய் போதும். அடுத்த வாரமே பிறப்புச் சான்றிதழ், உங்கள் ஆதார், பான் அட்டை, புகைப்படம் எடுத்துக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போய்விடுங்கள். மே மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பார்ட்டி வேலையில் மறந்துபோகும்.

வட்டி இப்போது 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு மாற்றலாம். உங்கள் வீட்டுக்கு இது பொருந்துவதற்குக் காரணம் வட்டி மட்டும் இல்லை. தபால் நிலைய ஆர்டி என்றால் மாதா மாதம் அதே தொகையைக் கட்டியாக வேண்டும், தவறினால் அபராதம், தொடர்ந்து தவறினால் கணக்கே நின்றுபோகும். கடல் தொழில் வீட்டில் மே மாதம் எங்கே கட்டுவது? செல்வமகளில் நிதியாண்டுக்கு 250 கட்டினால் கணக்கு உயிரோடு இருக்கும், ஒன்றரை லட்சம் வரை எப்போது வேண்டுமானாலும், எத்தனை தடவை வேண்டுமானாலும் போடலாம். நல்ல இறால் பாடு கிடைத்த வாரம் இரண்டாயிரம் போடுங்கள், தடைக்காலத்தில் ஒன்றும் போடாதீர்கள். போடும்போது மாதத்தின் 5ஆம் தேதிக்குள் போட்டால்தான் அந்த மாத வட்டி சேரும்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். நீங்கள் தாமதமாகத் தொடங்குகிறீர்கள். கணக்கு முதிர்வது தொடங்கிய நாளிலிருந்து 21 வருடம், அதாவது அவளுக்கு 31 வயது நடக்கும்போது. பதினெட்டு வயதிலோ பத்தாம் வகுப்பு முடித்த பிறகோ, முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த பணத்தில் பாதி வரை படிப்புக்கு எடுக்கலாம், அவ்வளவுதான். மாதம் ஆயிரம் என்று எட்டு வருடம் போட்டால், வட்டி இப்படியே இருந்தால் 1,30,000ஐத் தாண்டியிருக்கும், கல்லூரிக்குக் கையில் வருவது அறுபதாயிரத்துச் சொச்சம். பதினெட்டுக்குப் பிறகு கல்யாணம் என்றால் மொத்தமாக முடித்து எடுக்கலாம், ஆனால் அதற்காகக் கல்யாணத்துக்கு அவசரப்பட்டுவிடாதீர்கள்.

அப்படியானால் உடனே ஆயிரம் ஆயிரமாகப் போடலாமா என்றால், வேண்டாம். ஒன்பது சதவீதத்துக்கு நகையை அடகு வைத்துவிட்டு 8.2 சதவீதத்துக்குச் சேமிப்பது கணக்குக்கு ஒத்துவராது. இப்போது 250 கட்டிக் கணக்கை மட்டும் திறந்து வையுங்கள். ஜூன் 15க்குப் பிறகு வருகிற கூடுதல் பணமெல்லாம் நகைக்குப் போகட்டும், அசலில் நூறு இருநூறாகக் கட்டினாலும் வங்கி வாங்கிக்கொள்ளும், வட்டியும் குறையும். நகை வீட்டுக்கு வந்த பிறகு அதே பணத்தைச் செல்வமகள் பக்கம் திருப்புங்கள். மீன்வளத் துறையின் மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் 1,500 ரூபாய் கட்டினால் 4,500 ஆகத் திரும்ப வரும், அதில் நீங்கள் சேர்ந்திருக்கிறீர்களா என்று எழுதவில்லை. இல்லையென்றால் உங்கள் மீனவ மகளிர் கூட்டுறவுச் சங்கத்தில் கேளுங்கள், அரசு கொடுக்கிற மூவாயிரத்தை விட்டுவிட்டு மூணு வட்டிக்காரரைத் தேடுவானேன்.

தாய்மாமன் பிறந்தநாளுக்கு என்ன வாங்கித் தரட்டும் என்று கட்டாயம் கேட்பார். பொம்மை வேண்டாம், பாஸ்புக் நம்பரைக் கொடுத்து ஐந்நூறு ரூபாய் போடச் சொல்லுங்கள். வெறும் பாஸ்புக்கைக் காட்டினால் பிள்ளை முகம் சுருங்கும் என்பதால், கூடவே அவள் கேட்ட கலரில் ஒரு நெயில் பாலிஷையும் வாங்கிவரச் சொல்லுங்கள்.