வாசல் விளக்குக்குச் சென்சார் வைத்தால் மின்கட்டணம் பாதியாகுமா?

கோலாலம்பூரில் தெரஸ் வீடு (ஒட்டிக் கட்டிய வரிசை வீடு) ஒன்றில் குடியிருக்கும் நீங்கள், வாசலிலும் பின்பக்கத்திலும் ஆள் நடமாடினால் தானே எரியும் விளக்குகளைப் பொருத்தி, அவற்றை வீட்டுத் தானியங்கி அமைப்போடு இணைத்தால் மின்கட்டணம் எவ்வளவு குறையும் என்றும், மின்சிக்கன பல்புகளே போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதே ஊரின் செத்தாப்பாக் வட்டாரத்தில் இருக்கும் என் அம்மாவின் வீட்டுக்கு இதே கணக்கைச் சொல்லிக்கொண்டுதான் ஒரு விற்பனையாளர் வந்தார். "கட்டணம் பாதியாகிவிடும், ஆன்ட்டி" என்று அவர் சொன்னதை அம்மா நம்பிவிட்டார். அந்த எரிச்சல் இன்னும் தீராததால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நான் மின் பொறியாளன் அல்லன். அலுவலகக் கட்டடங்களின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்ப்பவன். குறை கண்டால் சொல்லுங்கள், ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கணக்கு இதுதான். பழைய 150 வாட் ஹலோஜன் விளக்கு ஒன்று இரவு முழுவதும் 12 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 54 யூனிட் ஆகும். அதைக் கழற்றிவிட்டு 20 வாட் எல்இடி விளக்கை மாட்டினால், சென்சார் எதுவும் இல்லாமலேயே அது 7 யூனிட்டுக்குச் சற்று மேலாக இறங்கிவிடும். அதன் பிறகு சென்சார் வைத்து, இரவில் மொத்தமாக ஒரு மணி நேரம்தான் எரிகிறது என்று வைத்துக்கொண்டாலும், நீங்கள் கூடுதலாக மிச்சப்படுத்துவது ஆறரை யூனிட்தான். யூனிட்டுக்கு அரை ரிங்கிட் என்று பார்த்தால், பல்பை மாற்றியதில் 23 ரிங்கிட், சென்சார் வைத்ததில் 3 ரிங்கிட். அந்த மூன்று ரிங்கிட்டிலும், விளக்கு அணைந்திருக்கும்போதும் வைஃபையோடு பேசிக்கொண்டே இருக்கும் கருவி தன் பங்குக்குக் கொஞ்சம் தின்றுவிடும். சிக்கனத்தைச் செய்வது பல்பு. சென்சாருக்கு அந்தப் பெருமையைக் கொடுத்து விற்பதைத்தான் நான் ஏமாற்று என்கிறேன்.

அப்படியானால் அம்மாவின் வீட்டில் ஏன் வைத்தேன் என்று கேட்பீர்கள். அம்மா விடிவதற்கு முன்பே எழுந்து, பூசைக்கு நந்தியாவட்டை பறிக்க வாசலுக்குப் போகிறவர். தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982 ஜனவரி முதல் தேதியன்று அரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டதிலிருந்து, இங்கே சூரியன் உதிக்க ஏறக்குறைய ஏழு மணி, சில மாதங்களில் ஏழரையைக்கூட நெருங்கிவிடுகிறது; ஆறு மணிக்கு வாசல் கும்மிருட்டு. கையில் பூக்கூடையோடு சுவிட்சைத் தேடாமல் அவர் படியிறங்க வேண்டும் என்பதுதான் என் தேவையாக இருந்தது. உங்கள் தேவையும் இது போன்றது என்றால் தாராளமாகச் செய்யுங்கள். கட்டணத்துக்காக மட்டும் என்றால் எல்இடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மின்சிக்கன பல்பு என்று நீங்கள் சொல்வது அந்தச் சுருள் குழாய் பல்பு என்றால், அது இந்த வேலைக்கு ஆகாது. எரியத் தொடங்கும்போது மங்கலாக இருந்து, முழு வெளிச்சத்துக்கு வர நேரம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் ஆள் வாசலைக் கடந்துவிடுவார். அடிக்கடி எரிந்து அணைவதால் அதன் ஆயுளும் குறையும், உடைந்தால் உள்ளே பாதரசம் வேறு. எல்இடிக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. நிறத்தில் மஞ்சள் சாயலுள்ளதையே வாங்குங்கள். மழை விட்ட மாலைகளில் வெள்ளை விளக்கை மொய்க்கும் ஈசல் கூட்டம் அதில் சற்றுக் குறைவாக இருக்கும்.

இனி அந்த விற்பனையாளர் அனுப்பிய ஆள் செய்துவிட்டுப் போன வேலைக்கு வருகிறேன். பழைய வீடுகள் பலவற்றில் சுவிட்ச் பெட்டிக்குள் மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பி இருக்காது. மின்சாரம் கொண்டுவரும் லைவ் கம்பி மட்டும் இறங்கி ஏறும். அப்படிப்பட்ட பெட்டியில், நியூட்ரல் தேவையில்லாத ஸ்மார்ட் சுவிட்ச் ஒன்றை அவர் பொருத்தினார். அத்தகைய சுவிட்ச் தான் உயிரோடு இருக்க வேண்டிய மின்சாரத்தை விளக்கின் வழியாகவே சிறு துளியாக இழுத்துக்கொள்கிறது. குண்டு பல்புக்கு அது பொருட்டே அல்ல. குறைந்த வாட் எல்இடி மினுக்கவோ அதுவே போதும். அணைத்த பிறகும் வாசல் விளக்கு சாம்பல் பூத்த நெருப்பைப் போல மினுக்கிக்கொண்டிருந்தது, சில இரவுகளில் சிமிட்டவும் செய்தது. அழைத்துக் கேட்டபோது, பல்பு மட்டமானது என்று பழியை அம்மா வாங்கிய பல்பின் மேல் போட்டுவிட்டார்கள். பிறகு எங்களுக்குப் பழக்கமான, பதிவு பெற்ற வயர்மேன் வந்து அந்தச் சுவிட்சைக் கழற்றி, நியூட்ரல் இருக்கும் இடமான கூரை விளக்கின் இணைப்புப் பெட்டியிலேயே, கட்டளை வந்தால் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சிறிய ரிலே ஒன்றை வைத்துச் சரிசெய்தார். அந்தத் துளி மின்சாரத்தை ஏற்றுக்கொள்ள, விளக்கோடு சேர்த்து ஒரு கெப்பாசிட்டரை இணைத்தாலும் மினுக்கல் நிற்கும் என்றார். அதே பல்புதான் இன்றுவரை எரிகிறது.

ஸ்மார்ட் பல்பையே வாங்கி மாட்டலாமே என்று சிலர் சொல்வார்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அது நடக்காது. சுவரிலுள்ள சுவிட்சை யாராவது பழக்கத்தில் தட்டிவிட்டால், அந்தப் பல்பு எந்தச் சென்சாருக்கும் பதில் சொல்லாது. ரிலேயை உள்ளே வைத்து, சாதாரண எல்இடியையும் சாதாரண சுவிட்சையும் அப்படியே விட்டுவிட்டால், அம்மா தட்டினாலும் எரியும், சென்சார் சொன்னாலும் எரியும்.

சென்சாரில் பொதுவாக விற்பனையாவது பி.ஐ.ஆர். வகை. உடலின் வெப்பம் ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு நகர்வதைத்தான் அது உணர்கிறது. ஆகவே அதை நோக்கி நேராக வருபவரைவிடக் குறுக்கே கடப்பவரை விரைவில் கண்டுகொள்ளும். கேட்டைப் பார்த்தபடி வைக்காமல், பக்கச் சுவரில் இரண்டு மீட்டருக்குச் சற்று மேலே, நடைபாதைக்குக் குறுக்காகப் பார்க்கும்படி வையுங்கள். ஏர்கானின் வெளிப்பெட்டி வெப்பக் காற்று விடும் திசை ஆகாது, சாலையும் தெரியக்கூடாது. அண்டை வீட்டுப் பூனைக்காக நான் செய்தது, வெள்ளை வில்லையின் அடிப்பாகத்தில் விரல் அகலத்துக்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியதுதான். பூனை மறைந்துவிட்டது, மனிதர் தெரிகிறார். நேராக வில்லையின் மேலேயே ஊரும் பல்லிக்கு மட்டும் இன்னும் மருந்தில்லை. மைக்ரோவேவ் வகைச் சென்சார் மெல்லிய சுவரையும் தாண்டி உணரும், அசையும் இலைக்கும் எரியும். எங்கள் மழைக்கு அது வெளியில் வேண்டாம்.

தானியங்கிக் கட்டளைகள் எளியவைதான். நான் பயன்படுத்துவது ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டுத் தானியங்கி மென்பொருள். வீட்டிலுள்ள பழைய கணினியிலேயே இயங்குவதால், இணையம் போனாலும் விளக்கு எரியும். கட்டளை வெளிநாட்டுச் சர்வருக்குப் போய்த் திரும்பும் அமைப்பாக இருந்தால், இணையம் மந்தமான நாளில் நீங்கள் வாசலைக் கடந்த பிறகுதான் வெளிச்சம் வரும். நேரத்தைக் கடிகாரப்படி வைக்காமல் சூரிய அஸ்தமனம், உதயம் என்று வையுங்கள். அசைவு கண்டால் விளக்கு மூன்று நிமிடம் எரியட்டும்; ஒவ்வோர் அசைவுக்கும் அந்தக் கணக்கு புதிதாகத் தொடங்க வேண்டும். இல்லையென்றால் பூப்பறித்துக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடும்.

கடையில் சில ரிங்கிட்டுக்குச் சென்சார் உள்ளேயே வைத்த பல்பு கிடைக்கிறதே, இதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று யாராவது கீழே எழுதுவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஒரே வாசல்தான் என்றால் அதையே வாங்குங்கள், நான் தடுக்கவில்லை. எங்கள் வீட்டில் பின்சந்துப் பக்கம் அசைவு இருந்தால் சமையலறை விளக்கும் சேர்ந்து எரிய வேண்டியிருக்கிறது. பின்சந்தின் தெருவிளக்கு பழுதாகிக் கிடக்கிறது, சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியும் ஏணியோடு ஒருவரும் வரவில்லை. இரண்டு விளக்கையும் சேர்க்கும் அந்த இணைப்பைச் சென்சார் வைத்த பல்பு தராது.

கோலாலம்பூரும் சுற்றுவட்டாரமும் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கின் இடி மின்னலை மறந்துவிடாதீர்கள். மின்பெட்டியில் மின்னெழுச்சித் தடுப்பான் ஒன்று இருக்கட்டும், வெளி விளக்குகள் தூசியையும் நீர்ப்பீய்ச்சலையும் தாங்கும் ஐபி65 தரத்தில் இருக்கட்டும், கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை வயர்மேன் உங்கள் கண்முன்னே அழுத்திக் காட்டட்டும். சுவிட்ச் பெட்டியில் நியூட்ரல் இருக்கிறதா என்று அவர் திறந்து பார்த்துச் சொல்லும்வரை எந்தக் கருவிக்கும் பணம் கட்ட வேண்டாம்.