மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய இன்ஜினைப் பிரித்து வேலை செய்வதா, வேறொன்று பொருத்துவதா?

கேள்வி: ஏற்காட்டில் சிறிய காப்பித் தோட்டம் வைத்திருக்கிறேன். என்னுடைய 2009ஆம் ஆண்டு இன்னோவா 2.5 டீசல் கார் 3,10,000 கி.மீ. ஓடியிருக்கிறது. அடிவாரத்திலிருந்து மலை ஏறும்போது இழுவை குறைந்து புகை வருகிறது. 1,500 கி.மீ.க்கு ஒரு லிட்டர் ஆயில் ஊற்ற வேண்டியிருக்கிறது. சேலத்தில் ஒரு மெக்கானிக் ஆயில் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, பிஸ்டனைச் சுற்றி அடைக்கும் ரிங் போய்விட்டது, பழைய இன்ஜின் ஒன்றை வாங்கி மாற்றிவிடலாம் என்கிறார். அப்படிச் செய்யலாமா, அல்லது இருக்கும் இன்ஜினுக்கே முழு வேலை பார்ப்பதா?

பதில்: இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்துக்கு நீங்கள் இன்னும் வரவில்லை என்பதே என் கருத்து. 1,500 கி.மீ.க்கு ஒரு லிட்டர் ஆயில் குறைவது மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய இன்ஜினில் அச்சப்படத்தக்க அளவன்று, 1,000 கி.மீ.க்கு ஒரு லிட்டர் வரை செலவாகலாம் என்று சொல்லும் தயாரிப்பாளர் கையேடுகளும் உண்டு. கடந்த ஓராண்டில் அந்த அளவு வேகமாகக் கூடியிருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஆகவே இன்றிலிருந்தே ஆயில் ஊற்றும் நாளையும் மீட்டர் கணக்கையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்.

புகையின் நிறத்தை நீங்கள் குறிப்பிடவில்லை. ஏறும்போது வருவது கரும்புகை என்றால், காற்று போதாமலோ டீசல் மிகுதியாகவோ எரிகிறது என்று பொருள். ஏர் ஃபில்டர், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போவின் குழாய்க் கசிவு, புகையில் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே விடும் இ.ஜி.ஆர். வால்வு, டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஆனால் அந்த ஆயில் ரிங் வழியாகத்தான் வர வேண்டும் என்பதில்லை, தேய்ந்த டர்போவின் வழியாகவும் வரலாம். டர்போவிலிருந்து வெளியேறும் குழாயைக் கழற்றி, உள்ளே ஆயில் தேங்கியிருக்கிறதா என்று பார்க்க அரை மணி நேரம் போதும். ஆயில் மூடியைத் திறந்தால் புகை வருவதும் உறுதியான சான்றாகாது. உங்கள் காரில் இருப்பது போன்ற காமன் ரயில் டீசல் இன்ஜின்களில் இன்ஜெக்டருக்கு அடியில் உள்ள செப்பு வாஷர் கசிந்தாலும் எரிந்த வாயு ஆயில் பக்கம் புகுந்து, ரிங் தேய்ந்தது போன்ற அதே தோற்றத்தைத் தரக்கூடும். சில ரூபாய் பெறுமான வாஷருக்காக இன்ஜினையே மாற்றியவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்த படி, நான்கு சிலிண்டர்களிலும் பிஸ்டன் காற்றை நெருக்கும்போது உண்டாகும் கம்ப்ரெஷன் அழுத்தத்தை அளப்பது. இதை மலைமேல் செய்யாமல் சேலத்திலேயே செய்யுங்கள். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் காற்றழுத்தம் சேலத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு என்பதால், நல்ல இன்ஜின்கூட அங்கே தேய்ந்த இன்ஜினைப் போல அளவு காட்டும். எண்கள் கையேட்டின் குறைந்தபட்ச அளவுக்கு மேலேயும், சிலிண்டர்களுக்கிடையே வேறுபாடு 10 சதவீதத்துக்குள்ளும் இருந்தால், இன்ஜினைத் தொடாமல் டர்போவையும் இன்ஜெக்டரையும் சரிசெய்துகொண்டு ஓட்டலாம். ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் தாழ்ந்திருந்தால், அதற்குள் காற்றை அழுத்திச் செலுத்தி அது எங்கே கசிகிறது என்று கேட்கச் சொல்லுங்கள். ஆயில் மூடியில் இரைச்சல் கேட்டால் ரிங், சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் (சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) அல்லது விரிசல்.

நான்கும் தாழ்ந்திருந்தாலோ, தாழ்ந்த ஒன்றில் ரிங் கசிவது தெரிந்தாலோ மட்டுமே இன்ஜினை முழுதாகப் பிரிக்க வேண்டும். அப்போதும் முழு வேலைக்கும் சேர்த்து விலை பேசிவிடாதீர்கள். பிரித்து அளப்பதற்கு மட்டும் முதலில் கூலி பேசி, அளவுகளைத் தாளில் எழுதி வாங்குங்கள். சிலிண்டர் சுவர் மேல்பகுதியில்தான் அதிகம் தேயும். விரல் நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டினால், ரிங் உரசாத விளிம்புக்குக் கீழே ஒரு படி தட்டுப்படுவதை நீங்களே உணரலாம். சிலிண்டர் இப்படிக் கூம்பாகவும் நீள்வட்டமாகவும் தேய்ந்திருக்கும்போது, 'ரிங் மட்டும் மாற்றித் தருகிறேன், செலவு குறையும்' என்று ஒருவர் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். வட்டமான புது ரிங் வட்டமில்லாத சுவரில் பொருந்தி அடைக்காது, சில மாதங்களில் புகை திரும்பிவிடும். போர் போட்டு, அதாவது சிலிண்டரைக் கடைந்து சற்றே அகலமாக்கி, கிடைக்கும் மிகை அளவுப் பிஸ்டனைப் பொருத்துவதே முறையான வேலை. பிஸ்டன்களின் இயக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட் தேய்ந்திருந்தால் கிரைண்டிங் செய்து, அது மெலிந்த அளவுக்குரிய அண்டர்சைஸ் பேரிங் போடலாம். ஆனால் அந்த கிராங்கைக் கிரைண்டிங் செய்யத் தயாரிப்பாளர் அனுமதிக்கிறாரா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஹெட் அலுமினியத்தாலானது, ஒருமுறையேனும் அதிகமாகச் சூடேறியிருந்தால் வளைந்திருக்கலாம், வால்வுகளுக்கு இடையே மயிரிழை விரிசலும் இருக்கலாம். அதைப் பிரஷர் டெஸ்ட் செய்யாமல் திருப்பிப் பொருத்த விடாதீர்கள்.

பிளாக்கும் (சிலிண்டர்கள் அமைந்த இன்ஜின் உடல்) கிராங்கும் சீரமைக்கத்தக்க நிலையில் இருந்தால், உங்கள் இன்ஜினையே சீரமைப்பதைத்தான் நான் பரிந்துரைப்பேன். அது எப்போது ஆயில் மாற்றப்பட்டது, எப்போது சூடேறியது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையிலிருந்தோ வேறெங்கிருந்தோ வரும் பழைய இன்ஜினைப் பற்றி விற்பவர் சொல்வது மட்டுமே தெரியும்; அதைப் பொருத்தும் கூலியும் சிறிதன்று. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கைத் துளைத்திருந்தாலோ, பிளாக் விரிசல் விட்டிருந்தாலோதான் மாற்று இன்ஜின் நியாயமாகிறது. அப்போதும் அது ஓடும் நிலையில் கம்ப்ரெஷன் அளந்து பார்த்து, அது கழற்றப்பட்ட வண்டியின் ஆவண நகலும் பில்லும் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். இன்ஜின் எண் ஆர்.சி.யில் பதிவாகியிருப்பதால், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. அலுவலக ஒப்புதல் தேவை. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை என் கணக்கு எளிது. மொத்த மதிப்பீடு வண்டியின் இன்றைய சந்தை விலையில் பாதியைத் தாண்டினால், அடிப்பாகத் துருவையும் கியர் பாக்ஸையும் பார்த்த பிறகே முடிவெடுங்கள். 15 ஆண்டுகள் முடிந்த உங்கள் வண்டியின் பதிவு ஐந்தைந்து ஆண்டுகளாகத்தான் புதுப்பிக்கப்படும் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சேலத்திலும் சங்ககிரியிலும் லாரிகளால் வளர்ந்த லேத் பட்டறைகள் நிறைய உண்டு, கைத்திறனுக்குக் குறைவில்லை. ஆனால் லாரிப் பிஸ்டனுக்கு விடும் இடைவெளி கார் பிஸ்டனுக்கு ஆகாது, ஆகவே காருக்குரிய அளவைக் கையேட்டிலிருந்து எழுதிக் கொடுத்துவிடுங்கள். இன்ஜின் வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ஆயில் பம்ப், கிளட்ச் ஆகியவற்றை முடித்துவிடுவது கூலியை மிச்சப்படுத்தும். ரேடியேட்டரையும் ஃபேன் கிளட்சையும் அவசியம் சோதியுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் தாழ்ந்த கியரில் மெதுவாக ஏறும் வண்டிக்கு எதிர்காற்றின் குளிர்ச்சி கிடைக்காது. வேலை முடிந்தபின் முதல் 1,000 கி.மீ. வரை காப்பி மூட்டைகளை ஏற்றாமல், ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாமல் பழக்கி, அதன்பின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு வழக்கம்போல மலை ஏறலாம்.