சேலம் பக்கம் பார்க்கும் எலிகள் எல்லாம் ஒரே இனம்தானா?

இல்லை. எங்கள் ஊர்க்காரர்கள் பேச்சிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது. வீட்டில் ஓடினால் சுண்டெலி, சாக்கடையில் பெருச்சாளி, கடலைக்காட்டு வரப்பில் வெள்ளெலி. விலங்கியலிலும் இவை மூன்று தனித்தனிப் பேரினங்கள்: மஸ், பேண்டிகோட்டா, டடேரா. பேண்டிகோட்டா என்பதே தெலுங்கின் 'பந்திகொக்கு', அதாவது பன்றி எலி. மூஞ்சூறு இந்தக் கணக்கிலேயே வராது. அது கொறிவிலங்கு இல்லை, பூச்சி தின்னும் வேறு கூட்டம். பிள்ளையார் மன்னிக்க.

தொல்லை கொடுக்கும் எலிக்கெல்லாம் பெயர் வைத்துவிட்டோம். ஒதுங்கி வாழ்வதற்குத்தான் இல்லை.

ஏற்காட்டில் மாமாவின் காப்பித் தோட்டத்தில் மிளகு பறித்தபோது, சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்திய இடத்தில் புல்லும் சருகும் வைத்த ஒரு கூடு. குருவி என்று நினைத்துக் கை நீட்டினேன். செம்பழுப்பு நிறத்தில், என் சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒன்று வெளியே வந்து, உடம்பைவிட நீண்ட வாலைக் கொடியில் சுற்றியபடி மேலே போய்விட்டது. "அது மரத்து எலி தம்பி" என்று சொல்லிவிட்டு ஆட்கள் வேலையைப் பார்த்தார்கள். அது வாண்டெலூரியா என்ற பேரினம். காலின் முதல் விரலிலும் கடைசி விரலிலும் கூர்நகம் கிடையாது, நமக்கு இருப்பதுபோலத் தட்டை நகம்தான். மெல்லிய கிளையைப் பற்ற அது வசதி.

அப்புறம், நம் மாவட்டத்துக்கே சொந்தமான ஒன்று உண்டு: கிரெம்னோமிஸ் எல்விரா. 1940களில் விலங்கியலாளர் எல்லர்மன் இதைப் புதிய இனமாக விவரிக்க ஆதாரமாக இருந்த எலி, சேர்வராயன் மலையடிவாரத்துக் குரும்பப்பட்டியில் கிடைத்தது. ஆமாம், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறோமே, அதே குரும்பப்பட்டி. கிரெம்னோமிஸ் என்றால் செங்குத்துப் பாறை எலி. இந்தப் பேரினத்தில் இப்போது இரண்டே இனங்கள். மற்றது கட்ச் பகுதியின் பெயரைத் தாங்கியது. முன்பு இவற்றோடு சேர்த்திருந்த வெள்ளை வால் எலியைப் பிரித்து மேட்ரோமிஸ் என்று தனியே வைத்துவிட்டார்கள். எல்விராவுக்குக் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கு வெளியே பதிவில்லை. உலகச் சிவப்புப் பட்டியலில் அது 'மிக அருகிய இனம்'.

போன வருடம் குரும்பப்பட்டியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "பாறைக்குள்ள ஒரு எலி இருக்குமாமே, பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டேன். "எலி எங்கதானுங்க இல்ல?" என்றார்.